தம்ளரின் அடியில் இருந்த பெயர்

கிருத்திகைதோறும் கூடும் நம் வழிபாட்டுக் குழுவில் என்னை மூன்று முறை பேச அழைத்தார்கள். மூன்று முறையும் எழுந்து நின்றேன், தண்ணீர் குடித்தேன், உட்கார்ந்துவிட்டேன். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். இது முருகன் எனக்குச் செய்தது. அவன் பதில் சொன்னபோது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

எழுபத்தொன்பதாம் ஆண்டு, மே மாதம். ஈப்போவில், பலகை வீடுகள் நெருங்கிக் கிடந்த எங்கள் கம்பத்தில், வீட்டு வாசலில் நின்று ஒரு கடிதத்தைப் பிரித்தேன். நான்கே வரி. எங்கள் குடும்பம் ஓரளவு வசதியாக வாழ்வதை நேரில் வந்து பார்த்ததாகவும், ஆகவே படிப்புக்கு உதவ முடியாததற்கு வருந்துவதாகவும் எழுதியிருந்தது.

வசதி. மழை பெய்தால் நாங்கள் ஐந்து பேரும் ஒரே மூலையில் ஒதுங்குகிற வீடு அது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அதே நான்கு வரியை மறுபடி படித்தேன்.

நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது ஈப்போவுக்கு வந்தோம். அப்பாவுக்குச் சுண்ணாம்புச் சூளையில் வேலை. அம்மா ஒரு சீனர் கோப்பிக் கடையில் கோப்பை மங்கு கழுவினார். எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். அப்பா கைநாட்டு. அம்மாவுக்கும் எழுத்து தெரியாது. எங்கள் வம்சத்தில் பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் பாரம் வரை போனவன் நான் ஒருவன்தான். பினாங்கில் பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்துவிட்டது. படிப்பு, சமூகப்பணி.

"அதுக்கு எதுக்குடா யூனிவர்சிட்டி?" என்றார் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா. "கோயில் அன்னதானத்துல சாம்பார் வாளி தூக்குனாப் பத்தாதா?"

நான் ஏன் அந்தப் படிப்பைக் கேட்டேன் என்றால், தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டில் இருந்த சின்னையா மாமாவைத் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் சேர்த்துவிட்டு எல்லோரும் மறந்துபோனார்கள். சில வருடம் கழித்து அங்கிருந்து ஓர் அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். லயம் லயமாக விசாரித்து, மாமாவின் தம்பியைக் கண்டுபிடித்துப் பேசி, மாமாவை வீட்டுக்கு அழைத்து வந்து விட்டார். இப்படியும் ஒரு வேலை இருக்கிறதா என்று அன்றிலிருந்து மனத்தில் ஊறிக்கிடந்தது.

அரசாங்க உபகாரச் சம்பளத்துக்கு எழுதியதற்குப் பதிலே இல்லை. இருந்த ஒரே வழி, ஈப்போவில் சில வியாபாரக் குடும்பங்கள் சேர்ந்து நடத்திய ஒரு கல்வி நிதி. அதன் செயலாளர் நாச்சியப்பன், செட்டிநாட்டுப் பக்கத்துக் குடும்பம். விண்ணப்பித்த ஒவ்வொரு பையனின் வீட்டையும் நேரில் வந்து பார்த்துத்தான் முடிவு செய்வார். சனிக்கிழமை நாலு மணிக்கு வருவதாக அஞ்சலட்டை போட்டிருந்தார்.

தவறு அங்கேதான் நடந்தது. தோட்டத்தில் துரை லயத்தைப் பார்வையிட வருகிறார் என்றால், வீட்டை வெள்ளையடித்து, கிழிந்ததையெல்லாம் ஒளித்து வைக்க வேண்டும். குறை கண்ணில் பட்டால் கணக்குப் பார்க்கும் கிராணி எல்லோர் முன்னாலும் திட்டுவார். அம்மா பாதி ஆயுளை அப்படித்தான் கழித்தார். பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வருகிறார் என்றால் அம்மாவுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். பாக்கியம் அக்கா வீட்டிலிருந்து நாற்காலிகள் வந்தன. எதிர் வீட்டு மீனாட்சி அக்காவிடமிருந்து ரேடியோ. இரண்டு வீட்டிலிருந்தும் சில்வர் தம்ளர்கள், ஒரு தட்டு. நாற்காலி தூக்கியவன் நானேதான். எங்கள் வறுமையைப் பார்க்கத்தான் அவர் வருகிறார் என்பது, அத்தனை படித்த எனக்கும் உறைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், கிழிந்த பாயை மடித்து உள்ளே வைத்தபோது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

நாச்சியப்பன் வந்தார், உட்கார்ந்தார், கோப்பி குடித்தார்.

"ரேடியோ நல்லாப் பாடுமா?" என்று கேட்டார்.

"நல்லாப் பாடும் சார்," என்றார் அப்பா. அதை எந்தப் பக்கம் திருகுவது என்றுகூட அப்பாவுக்குத் தெரியாது.

கடிதம் வந்த மறுநாள் நிதி அலுவலகத்துக்கு ஓடினேன். செயலாளர் அன்று வெளியூர். மேசையில் இருந்த குமாஸ்தா, இரண்டு வாரத்துக்குள் மேல்முறையீடு எழுதலாம் என்றார். பார்த்தது எப்படித் தவறு என்று காரணம் காட்ட வேண்டும். அதில் தகப்பனாரின் ஒப்பம் வேண்டும்.

அப்பா மறுத்துவிட்டார்.

"நாக்காலி எங்களுது இல்ல, ரேடியோ எங்களுது இல்லன்னு எழுதி, அதுக்குக் கீழ நான் கைநாட்டு வைக்கணுமா? ஊரு சிரிக்கும்."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும்ப்பா."

"நீ பினாங்குக்குப் போயிருவ. நான்தானே இங்கயே கெடக்கணும்?"

அதன்பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கம்பத்திலிருந்து டவுன் தபால் நிலையம் வரை நடப்பேன், திரும்புவேன், மறுபடி நடப்பேன். நின்றபடியே சாப்பிட்டேன். "உக்காந்து சாப்புடுடா, சோறு காலுக்குப் போயிரும்," என்றார் அம்மா. நான் தட்டை வைத்துவிட்டு, "எல்லாத்தையும் நீதாம்மா கெடுத்தே," என்றேன்.

அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. விளக்கிய சட்டியையே மறுபடி விளக்கினார்.

கெடு முடிய இரண்டு நாள் இருந்தபோது கிருத்திகை வந்தது. பட்டினி கிடந்து, காலையிலேயே சுண்ணாம்பு மலையடி முருகன் கோயிலுக்குப் போனேன். "முருகா, எனக்காகப் பேச ஒருத்தரை அனுப்பு," என்று கேட்டேன். எப்படிப்பட்டவர் என்றும் நானே சொல்லிக்கொடுத்தேன்: படித்தவர், ஆங்கிலம் பேசுகிறவர், அவர் போனால் நாற்காலி போடுவார்கள். உட்கார முடியாததால் சந்நிதியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். கணக்கு விட்டுப்போயிற்று.

"தம்பி, போதும்பா," என்றார் குருக்கள். "உன்னப் பாத்துப் பாத்து எனக்குத் தல சுத்துது."

மத்தியானம் வீடு திரும்பினேன். கதவில் பூட்டு. அந்த நேரத்தில் அம்மா வீட்டில்தான் இருப்பார். பாக்கியம் அக்கா வீடும் பூட்டிக் கிடந்தது. கோப்பிக் கடைக்கு ஓடினேன். "இன்னிக்கி வரல லா, ஒடம்பு சரியில்லயா?" என்று கடை முதலாளி தவுக்கே என்னையே திருப்பிக் கேட்டார்.

அம்மா அப்பாவின் துணையில்லாமல் எங்கும் போகிறவர் இல்லை. நான் சொன்ன அந்த வார்த்தை காதில் வந்து நின்றது. எங்கள் கம்பத்துக்குப் பின்னால் கைவிட்ட ஈயச் சுரங்கக் குளம் ஒன்று உண்டு. அங்கே ஓடினேன். எதற்கு அங்கே ஓடினேன் என்று எழுதக் கை வரவில்லை, படிக்கிறவர்களுக்குப் புரியும். தண்ணீர் அசையாமல் இருந்தது. கரையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அப்போது முருகனிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. படிப்பு வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அம்மாவைக் கொடு.

சாலைக்கு ஏறி வந்தபோது, பஸ்ஸிலிருந்து இரண்டு பெண்கள் இறங்கினார்கள். பாக்கியம் அக்கா முன்னால். பின்னால் அம்மா, இடுப்பில் ஒரு துணி மூட்டையோடு. மூட்டைக்குள் ஏதோ கலகலவென்று சத்தம்.

"எங்கம்மா போன?" என்றேன்.

"ஆபிசுக்குலா," என்றார் பாக்கியம் அக்கா. "உங்கம்மா என்னைய இழுத்துக்கிட்டுப் போயிட்டா. மேல்மூச்சு வாங்குது, மொதல்ல தண்ணி குடு, சொல்றேன்."

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அம்மா மறுபடி இரண்டு வீட்டிலும் தம்ளர்களையும் தட்டையும் இரவல் வாங்கி, மூட்டை கட்டி, வழி கேட்டுக் கேட்டு நிதி அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். செயலாளர் மேசையில் மூட்டையை அவிழ்த்து வைத்திருக்கிறார்.

"ஐயா, அன்னைக்கு நீங்க கோப்பி குடிச்ச தம்ளரு இது. கவுத்துப் பாருங்க. எனக்கு எழுத்து தெரியாது. அதுல என் பேரு இருந்தா, என் மவனுக்கு ஒண்ணும் குடுக்க வேணாம்."

நம் வீடுகளில் சில்வர் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே அடியில் பெயர் வெட்டித் தருவார்கள் அல்லவா. நாச்சியப்பன் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் படித்திருக்கிறார். பாக்கியம். பாக்கியம். மீனாட்சி. தட்டில், மீனாட்சி. அம்மாவின் பெயர் எதிலும் இல்லை.

"அந்த நாக்காலியும் என்னுதுதான் சார்னு நான் சொன்னேன்," என்றார் பாக்கியம் அக்கா. "அதையும் தூக்கிட்டு வரலாம்னு பாத்தேன், பஸ்காரன் ஏத்த மாட்டேன்னுட்டான்."

நாச்சியப்பன் தட்டைக் கீழே வைத்தாராம். பிறகு, "எங்க வீட்லயும் சாமானுக்கெல்லாம் பேரு வெட்டித்தான் வச்சிருக்கு, ஆச்சி. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். குடிச்சேன், கவுத்துப் பாக்கல," என்றாராம். மேல்முறையீட்டை அவரே எழுதி, அம்மாவுக்கு வாசித்துக் காட்டி, தகப்பனார் கைநாட்டு வாங்கி வரச் சொல்லியிருந்தார்.

சாயங்காலம் அப்பா சூளையிலிருந்து, தலை புருவமெல்லாம் வெள்ளையாக வந்து சேர்ந்தார். எல்லாவற்றையும் நின்றபடி கேட்டார். நான் காகிதத்தை நீட்டவே பயந்தேன். அவர் அம்மாவைத்தான் பார்த்தார்.

"பஸ்ஸுக்கு வழி தெரிஞ்சுச்சா?"

"கேட்டுக்கிட்டே போனேன்."

அப்பா கிணற்றடிக்குப் போய்ச் சுண்ணாம்பு போகக் கை கழுவினார். ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து, "மை எங்க?" என்றார்.

ஜூன் மாதம் இரண்டாவது கடிதம் வந்தது. படிப்பு முடியும்வரை உதவி உண்டு. பினாங்குக்குப் புறப்பட்ட அன்று பாக்கியம் அக்கா என் பையில் ஒரு தம்ளரைத் திணித்தார். "பேரு என்னுது, தம்ளரு உன்னுது," என்றார். இன்றும் அதில்தான் கோப்பி குடிக்கிறேன்.

அடியார்களே, நான் கேட்டது படித்த ஒருவரை. முருகன் அனுப்பியது எழுத்தறியாத என் அம்மாவை. நான் சந்நிதியைச் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் பஸ்ஸில் இருந்தார். அவன் தாமதிக்கவில்லை. எனக்குத்தான் தெரியவில்லை.

இப்போது நான் ஒரு மருத்துவமனையில் சமூகப்பணி பார்க்கிறேன். கமுந்திங்கிலிருந்து பாகான் டத்தோ வரை வீடு வீடாகப் போகிறேன். பளபளக்கும் தம்ளரில் கோப்பி கொடுத்தால் குடித்துவிட்டு அடியைத் திருப்பிப் பார்ப்பேன். வேறு பெயர் இருந்தால், உட்கார்ந்து இன்னும் கொஞ்ச நேரம் பேசுவேன். படிக்க வழியில்லாமல் தவிக்கிற பிள்ளைகள் நம் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். அவனிடம் கேளுங்கள், கேட்ட கையோடு வீட்டுக்குள்ளும் ஒரு முறை பாருங்கள். பதில் அடுப்படியில் நிற்கலாம்.

எனக்கு இன்னும் ஒரு தவிப்பு பாக்கி. அன்றைக்குச் சொன்ன வார்த்தைக்கு நான் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை. பேசப் போனால் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். வரும் கிருத்திகையன்று பெண்கள் வரிசையில், தூணோரமாக அவர் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் இருக்கிறவர்கள் யாராவது, தயவுசெய்து, இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.