இடது பக்கத்துக் குழல்

நான் வலது கையால்தான் சாப்பிடுகிறேன், வலது கையால்தான் எழுதுகிறேன், கோயிலில் திருநீறு வாங்குவதும் வலது கையில்தான். கோபம் மட்டும் இன்னும் இடது கையில்தான் வருகிறது. யாரையாவது அறைய வேண்டும்போல் இருந்தால் துடிப்பது அந்தக் கைதான். நல்லவேளை, இதுவரை யாரையும் அறைந்ததில்லை. அறைந்திருக்க வேண்டிய ஒரே ஆள் என் பெரியப்பா. அப்போது எனக்கு ஒன்பது வயது, அவர் கன்னம் எனக்கு எட்டவில்லை.

மந்தைவெளியில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே முதல் மாடியில் எங்கள் வீடு. அந்த வீட்டில் என் பெயரைவிட அதிகமாகக் கேட்ட சொல் 'கை'. இடது கையால் தோசையைப் பிய்த்தால் "கை". பால் பாக்கெட் வாங்கினால் "கை". பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே அப்பா சொல்வார், அவ்வளவுதான். சூடு பட்ட மாதிரி இடது கை பின்னால் போய்விடும், வலது கை முன்னால் வரும். நானே நினைத்தாலும் அதை நிறுத்த முடியாத அளவுக்கு அது பழகிப்போயிருந்தது.

தொண்ணூறுகளில் ஊரே பிள்ளைகளைக் கீபோர்டு வகுப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது எனக்குப் புல்லாங்குழல் வாய்த்ததற்குக் காரணம் கலை ஆர்வமெல்லாம் இல்லை. எனக்கு இளைப்பு இருந்தது. குழல் ஊதினால் நெஞ்சு விரியும் என்று அப்பாவிடம் ஆபீசில் யாரோ சொன்னார்கள். சங்கீதம் எங்கள் வீட்டுக்குள் மருந்தாகத்தான் நுழைந்தது.

வாத்தியாரைக் குழல் சார் என்று கூப்பிடுவோம். முப்பதைத் தாண்டாதவர். தேனாம்பேட்டையில் வேலை, ஆதம்பாக்கத்தில் வீடு. வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ் விட்டதும் சாப்பாட்டு டப்பாவோடு நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். முதல் நாள் துணிப்பையிலிருந்து நெட்டையும் குட்டையுமாக ஏழெட்டுக் குழல்களைப் பாயில் பரப்பி, என் விரல்களை விரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "உனக்கு எது எட்டுதோ அதை நீயே எடு" என்றார். அந்த வீட்டில் எனக்கு எது வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. நான் குட்டைக் குழலை எடுத்து இடது பக்கம் நீட்டி வாயில் வைத்தேன்.

"கை" என்றார் அப்பா.

குழலை வலது பக்கம் திருப்பி ஊதினேன். வெறும் காற்றுதான் வந்தது. கீழே வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருந்த அக்கா அண்ணாந்து பார்த்து, "இன்னா பாப்பா, சைக்கிள் டியூப்புக்குக் காத்தடிச்சிக்கினு கீறியா?" என்றாள். தெருவே சிரித்தது போல இருந்தது எனக்கு.

அடுத்த வகுப்பன்று அப்பா ஆபீசிலிருந்து வரவில்லை. சார் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, முதல் நாள் முதலில் எப்படிப் பிடித்தாயோ அப்படியே பிடி என்றார். பிடித்தேன். ஊதினேன். மெல்லியதாக, நூல் மாதிரி, ஒரு சத்தம் வந்தது. அப்பா திட்டுவார் என்றேன். "ஓட்டையெல்லாம் ஒரே வரிசையிலதான் இருக்கு. எந்தப் பக்கம் பிடிச்சா என்ன? மூங்கிலுக்கு அதெல்லாம் தெரியாதும்மா" என்றார்.

அப்பாவுக்குத் தெரிந்தபோது முகத்தைச் சுளித்தார். அதற்குள் என் இளைப்பு குறைந்திருந்ததால், "மருந்துதானே, எந்தப் பக்கமா குடிச்சா என்ன?" என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

சாரின் வகுப்பு ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வியில்தான் ஆரம்பிக்கும்: இன்னிக்கு என்ன ஊதலாம்? நான் குக்கர் விசில் என்பேன், கண்டக்டர் விசில் என்பேன், பக்கத்து வீட்டுக் கதவின் கிரீச் என்பேன். சரி, அது எந்த இடத்தில் நிற்கிறது என்று தேடு என்பார். தேடித் தேடி விரல் ஒரு ஸ்வரத்தில் போய் நிற்கும். இப்படியே சரளி வரிசை முழுவதும் எனக்குத் தெரியாமலே எனக்கு வந்துவிட்டது. குக்கர் தானாகவே கத்தும், அதற்கு எதற்கு வாத்தியார் என்று அம்மா அலுத்துக்கொண்டாலும், கேட்டபடியேதான் சமைத்தாள். நாளெல்லாம் பின்னால் ஒளிந்துகொண்ட என் இடது கை, வாரத்தில் இரண்டு சாயங்காலம் மட்டும் எல்லோரும் பார்க்க நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நவராத்திரி வந்தது. கொலு பார்க்க தி.நகரிலிருந்து பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன், சங்கீதத்தில் புலி என்று குடும்பத்தில் பெயர். டிசம்பர் முழுக்க சபாவிலேயே கிடப்பார். அதில் பாதி நேரம் கேன்டீனில் என்பது அம்மாவின் கணக்கு. எதைப் பற்றிப் பேசினாலும் "எதுக்கும் ஒரு மொறை இருக்கு" என்று ஆரம்பிப்பார். காபி ஆற்றுவதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்.

நான் வாசிப்பதைக் கேட்க சாரையும் வரச் சொல்லியிருந்தோம். கதவோரமாக உட்கார்ந்தார். அம்மா சுண்டல் கிண்ணத்தை நீட்டியபோது அவருடைய இடது கை முன்னால் வந்து, பாதியில் நின்று, பின்வாங்கியது. வலது கை வந்து வாங்கிக்கொண்டது. பெரிய மனிதர்கள் நடுவில் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன்.

வாசித்தேன். நன்றாகத்தான் வாசித்தேன், இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். பாதியில் பெரியப்பா கையை உயர்த்தினார்.

"நிறுத்து. பக்கத்தை மாத்து."

மாற்றினேன். காற்று வந்தது. மறுபடி ஊதினேன். மறுபடியும் காற்று. யாரோ சிரித்தார்கள். "பாத்தியாடா, ஒண்ணுமே கத்துக்கலை" என்று அப்பாவிடம் சொன்னார் பெரியப்பா. இதை எழுதும்போதும் எனக்குக் காது சூடாகிறது.

"அவளுக்கு அந்தப் பக்கம்தான் வருது சார்" என்றார் குழல் சார். "விட்டா நல்லா வருவா."

நாளைக்கு மேடையில் நாலு பேரோடு உட்கார்ந்தால் பக்கத்திலிருப்பவன் கண்ணைக் குத்துவாள் என்றார் பெரியப்பா. ஓரத்தில் உட்கார வைத்தால் போயிற்று என்றார் சார். பெரியப்பாவுக்குப் பதில் சொல்பவர்களை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது.

பெரியப்பா கால்மேல் கால் போட்டுக்கொண்டார். "நீங்க எந்தப் பக்கம் வாசிக்கிறீங்க?"

"வலது பக்கம்."

"சொல்லிக் குடுத்தவர்?"

"அவரும் வலதுதான்."

"அப்புறம் என்ன?"

சார் வாயைத் திறந்தார். சொல்லுங்கள் சார், மூங்கிலைப் பற்றிச் சொல்லுங்கள் என்று நான் மனசுக்குள் கத்தினேன். அவர் சுண்டல் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த 'அப்புறம் என்ன' அவரை எங்கோ அடித்துவிட்டதுபோல் இருந்தது. கடைசியில் அப்பா, அடுத்த வாரத்திலிருந்து பக்கத்தை மாற்றிச் சொல்லிக்கொடுங்கள் என்று நயமாகவே சொன்னார்.

"நான் மாத்த மாட்டேன் சார்" என்றார் அவர். "மாத்தித்தான் ஆகணும்னா வேற யாரையாவது வெச்சுக்குங்க." கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தார். என் தலையைத் தொடக்கூட இல்லை.

பிறகு வேறொரு வாத்தியார் வந்ததும், அவர் என் கையை மாற்றியதும், பொங்கலுக்குள் குழல் பரணுக்குப் போனதும் தனிக் கதை. அன்று சாயங்காலம் எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: ஒரு ஆள் என் பக்கம் இருந்தார், ஒரு கேள்விக்கு வாய் அடைத்துப்போய் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார். பெரியப்பாவைவிட அவர்மேல்தான் எனக்கு ஆத்திரம் பொங்கியது.

பால்கனிக்கு ஓடினேன். சார் எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். பஸ் வரவில்லை. பையிலிருந்து ஒரு குழலை எடுத்தார். அதை இடது பக்கம் நீட்டி வாயில் வைத்தார். விரல்கள் தடுமாறின. ஓட்டைகளைத் தேடின. கன்னம் உப்பியது, சத்தம் ஒன்றும் வரவில்லை. உதட்டை நகர்த்தி மறுபடி ஊதினார். முதல் நாள் நான் ஊதியது மாதிரியே இருந்தது.

இஸ்திரி அக்கா கரி அள்ளிக்கொண்டே, "இன்னா பாப்பா, உனுக்குக் கத்துக் குடுத்துட்டு உன் வாத்தியாரு இப்பத்தான் கத்துக்கினு கீறாரா?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைப் போல ஊதிக் காட்டிக் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். பஸ் வந்து அவரை மறைக்கும்வரை முறைத்துக்கொண்டே நின்றேன். சுண்டல் வாங்க முன்னால் வந்து பாதியில் நின்ற அவருடைய இடது கை அப்போது என் ஞாபகத்திலேயே இல்லை.