உங்கள் முகம் இன்று சரியில்லை

இங்கே காலையில் வேலைக்குப் போனால் எல்லோரும் எல்லோரையும் "அலஸ் கூட்?" என்று கேட்பார்கள். எல்லாம் நலமா என்று அர்த்தம். கேட்டவர் பதிலுக்காக நிற்க மாட்டார். பதில் சொல்பவரும் யோசிக்க மாட்டார். "கூட்" என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்துக் கரட் வெட்டத் தொடங்க வேண்டும். ஒருமுறை, முந்தின நாள் பல்லுப் பிடுங்கிக் கன்னம் வீங்கிய நிலையில் போனபோதும் நான் "கூட்" என்றுதான் சொன்னேன். எங்கள் தலைமைச் சமையல்காரர் ஊவே என் வீங்கிய கன்னத்தைப் பார்த்தபடியே, "அருமை! நன்றாக இருக்கிறீர்கள்" என்றார். இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக இந்த நாட்டில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

எசன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் எனக்கு வேலை. மரக்கறி வெட்டுவேன், பாத்திரம் கழுவும் மெஷினைப் பார்த்துக்கொள்வேன். மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தமிழிலேயே நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம். ஜெர்மன் மொழியில் வாய் திறப்பதென்றால், சட்டை போடாமல் தெருவில் நிற்பது போல இருக்கும். அந்த மெஷின் போடும் சத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும். அது ஓடும்போது ஒருவரும் என்னோடு பேச மாட்டார்கள்.

போன மார்கழியில் ஃபிராவ் ஹான் வந்து சேர்ந்தார். ஃபிராவ் என்றால் திருமதி. கொரியாக்காரி, ஐம்பத்தாறு வயது, குள்ளமான உருவம். கணவரோடு நடத்திய சின்னக் கடை மூடப்பட்டதால் இந்த வேலைக்கு வந்தவர். முதல் ஆறு மாதம் 'ப்ரோபெட்சைட்'. அதாவது வைத்துப் பார்க்கும் காலம். பிடிக்காவிட்டால் காரணம் சொல்லாமலே அனுப்பிவிடலாம். அந்த வயதில் வெளியே போனால் இன்னொரு வேலை கிடைக்காது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

வந்த இரண்டாம் நாள், நான் "அலஸ் கூட்?" என்றேன். அவர் வேலையை விட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்று, தலையை நிமிர்த்தி என் முகத்தைக் கவனமாகப் பார்த்தார். பிறகு தன் ஜெர்மனில் உரத்துச் சொன்னார்: "உங்கள் முகம் இன்று சரியில்லை. நித்திரை இல்லை?"

எல்லோருடைய கத்திகளும் நின்றன. ஊவே அடுப்பைக் குறைத்தார். எனக்கோ உள்ளுக்குள் ஒரு சந்தோசம். உண்மையிலேயே நான் நித்திரை கொள்ளவில்லை. மகளுக்கு மறுநாள் பள்ளிக்கூடத்தில் சோதனை என்று விழித்திருந்தேன். அதை என் முகத்திலிருந்து வாசித்த ஓர் ஆளை இந்த நாட்டில் முதன்முதலாகக் கண்டேன்.

அதன் பிறகு சமையலறை கலகலப்பாகிவிட்டது. ஃபிராவ் ஹான் எட்டு மணிக்கே "சோறு சாப்பிட்டீங்களா?" என்று எல்லோரையும் கேட்பார். ஊவே மிகவும் நேர்மையாக, "இல்லை, இரண்டு பாண் துண்டும் ஒரு முட்டையும்" என்று கணக்குச் சொல்வார். மதியச் சாப்பாடு மேலே போகும் பரபரப்பில் ஃபிராவ் ஹான் முஷ்டியை உயர்த்தி "பைட்டிங்!" என்று கத்துவார். யாரோடு சண்டை என்று ஊவே முதல் வாரம் முழுக்கப் பயந்தார். தைரியமாக இரு என்பதற்குக் கொரியாவில் அப்படித்தான் சொல்வார்களாம். வீட்டுக்குப் போகும்போது, அவர்கள் ஊர் வழக்கப்படி, "நல்லாய்க் கஷ்டப்படுங்கோ" என்று எங்களை வாழ்த்திவிட்டுப் போவார். இவற்றையெல்லாம் ஊவே ஒரு தாளில் எழுதிக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டினார். கெட்ட மனசு இல்லாத மனிதர். ஆனால் அந்தத் தாளை நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

காரணம், நானும் அப்படியொரு தாளில் இருக்க வேண்டியவன். வந்த புதிதில் ஓர் உணவகத்தில் வேலை செய்தேன். முதல் நாள் மத்தியானம் வேலை முடிந்ததும், எங்கள் வழக்கப்படி முதலாளியிடம் "போயிட்டு வாறன்" என்பதை அப்படியே ஜெர்மனில் சொல்லிவிட்டு வந்தேன். நான் திரும்பி வருவேன் என்று மனுசன் கடையைப் பூட்டாமல் ஒரு மணித்தியாலம் காத்திருந்தாராம். மறுநாள் கோபத்தோடு, "போவதென்றால் போ, வருவதென்றால் வா" என்றார். போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்ப எனக்கு வாய் வரவில்லை. செத்த வீட்டில்கூட நாங்கள் அப்படிச் சொல்வதில்லையே. அன்றிலிருந்து ஒன்றும் சொல்லாமல் நழுவப் பழகினேன்.

வைகாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வினை வந்தது. எங்கள் இல்லத்தில் இருக்கும் ஓர் அம்மாவைப் பார்க்க அவருடைய மகள் ஃபிராவ் லின்ட்னர் ஞாயிறு தோறும் வருவார். தாயும் மகளும் கோப்பி குடித்துக் கேக் சாப்பிடுவார்கள். அன்று கேக் பரிமாறிய ஃபிராவ் ஹான், மகளைக் கண்டதும் கையைத் தட்டி, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "ஓ! நீங்கள் குண்டு! மிகவும் நல்லது!"

செவ்வாய்க்கிழமை முறைப்பாட்டுக் கடிதம் வந்தது. வியாழக்கிழமை 'டெர்மின்', அதாவது விசாரிக்க நேரம் குறித்திருந்தார்கள். ஃபிராவ் ஹானின் வைத்துப் பார்க்கும் காலம் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது.

புதன்கிழமை நிர்வாகி ஃபிராவ் வெபர் மெஷினருகே வந்து நின்றார். மெஷினை நிறுத்தச் சொன்னார். அதுவே எனக்குக் கெட்ட சகுனம்.

"நீங்களும் ஆசியாதானே. அவர் சொல்வது உங்களுக்கு விளங்குகிறது. நாளைக்கு மொழிபெயர்க்க வாருங்கள்."

நான் அறிந்த ஒரேயொரு கொரியாக்காரி ஃபிராவ் ஹான்தான். எனக்குக் கொரிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது ஜெர்மன். இதை விளக்கிச் சொல்லவும் ஜெர்மன் வேண்டுமே! நான் தலையாட்டினேன். வீட்டில் என் மனைவி ஜெசி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஜெர்மன்ல இருந்து ஜெர்மனுக்கோ? இஞ்சேருங்கோ, உங்கட ஜெர்மனை ஆர் மொழிபெயர்க்கிறது?"

"சிரிக்காத. மனுசிக்கு வேலை போகப்போகுது."

"அப்ப வாயைத் திறந்து கதையுங்கோ. அங்க போயும் மெஷினைத் தேடாதேங்கோ."

வியாழன் காலை ஒரு சின்ன அறையில் நாலு பேர் இருந்தோம். ஃபிராவ் லின்ட்னர் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். ஃபிராவ் ஹான் வெள்ளைத் தொப்பியைக் கழற்றாமல் கதிரை நுனியில் இருந்தார். முதன்முறையாக அவருடைய முகம் சரியில்லாமல் இருப்பதை நான் கண்டேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நிர்வாகி கேட்டார்.

"பனிக்காலம், மெலிவு. கேக் பாதி. நான் பார்த்தேன். இப்ப குண்டு. கேக் முழுசு. நல்லது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லப்பட்டது ஜெர்மன். அதை நான் ஜெர்மனில் சொல்ல வேண்டும். முதலில் ஒரு பொய்யைத்தான் சொன்னேன்: "ஆசியாவில் இது பெரிய மரியாதை." ஒரு கண்டம் முழுவதற்காகவும் பேச எனக்கு யாரும் அதிகாரம் தந்ததில்லை. ஆனால் நிர்வாகி அதைப் பயபக்தியோடு எழுதிக்கொண்டார். அந்தத் துணிச்சலில் மேலே போனேன்.

எங்கள் ஊரில் ஓர் ஆளைக் கண்டால் மெலிந்து போனீர்கள், கறுத்துப் போனீர்கள் என்று சொல்வோம் என்றேன். ஜெர்மனிக்கு வர முன்னர் நான் கொழும்பில் பல மாதம் ஏஜன்சிக்காரனுக்காகக் காத்திருந்தேன். லொட்ஜுக்குப் பக்கத்துக் கடைக்கார அம்மா ஒருநாள், "தம்பி, வந்ததில பாதியாப் போனியேடா" என்று சொல்லிக் கேட்காமலே இன்னொரு தோசை வைத்தார். அதையும் சொன்னேன். தோசையை அப்பம் என்று மாற்றினேன், அப்பத்தைப் பான்கேக் என்று மாற்றினேன். கடைசியில் இதைச் சொன்னேன்: "மெலிந்து போனீர்கள் என்று சொல்ல வேண்டுமென்றால், முன்பு எப்படி இருந்தீர்கள் என்பதை ஞாபகம் வைத்திருக்க வேண்டும். நன்றாக இருக்கிறீர்கள் என்று சொல்ல ஒன்றும் தேவையில்லை. பார்க்கக்கூடத் தேவையில்லை."

என் வாழ்க்கையில் ஜெர்மனில் பேசிய மிக நீளமான பேச்சு அது. வினைச்சொற்களெல்லாம் எங்கே போய் விழுந்தனவோ தெரியாது.

ஃபிராவ் லின்ட்னர் மடியிலிருந்த கைப்பையை எடுத்துக் கீழே வைத்தார். பிறகு, "பனிக்காலத்தில் எனக்குச் சுகமில்லை. அம்மாவுக்கும் சொல்லவில்லை. ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லோரும் நன்றாக இருக்கிறாய் என்றார்கள்" என்றார். ஃபிராவ் ஹான் பக்கம் திரும்பினார். "நான் கேக்கைப் பாதியில் விட்டதையா பார்த்தீர்கள்?"

"எலி மாதிரிச் சாப்பிட்டது" என்றார் ஃபிராவ் ஹான்.

நிர்வாகி என்னைப் பார்த்தார். இதை நான் மொழிபெயர்க்கப் போவதில்லை என்று மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஃபிராவ் லின்ட்னருக்கு விளங்கிவிட்டது. ஜெர்மன்தானே! அவர் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு மிகவும் கண்டிப்பாகச் சொன்னார்: "ஆனாலும் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்லக் கூடாது."

முறைப்பாட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஃபிராவ் ஹானுக்கு வேலை நிரந்தரமானது. ஆனால் சமையலறைச் சுவரில் ஓர் அறிவித்தல் வந்தது. இந்த இல்லத்தில் எவருடைய உடல், எடை, முகம் பற்றியும் கருத்துச் சொல்லக் கூடாது என்று எழுதியிருந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மன்னாரிலிருந்து தங்கச்சி ஸ்டெல்லா வீடியோவில் வந்தாள். ஆசியாவின் வெற்றியை அவளுக்குச் சொல்ல வேண்டுமென்று காத்திருந்தேன். அவள் திரையருகே முகத்தைக் கொண்டுவந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஐயோ அண்ணை, என்ன இது, கன்னமெல்லாம் ஒட்டிக் கிழவன் மாதிரிப் போனியள்? அண்ணி சாப்பாடு தாறேல்லையோ?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "முகத்துக்கு நேர அப்பிடியெல்லாம் சொல்லக் கூடாது, ஸ்டெல்லா" என்றேன்.

அவள் முகத்தைத் திரையை விட்டுப் பின்னால் எடுத்தாள். பிறகு, "சரி அண்ணை. இனிச் சொல்லமாட்டன்" என்றாள். பக்கத்தில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்த ஜெசி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இது ஆர் மொழிபெயர்த்தது?" என்று கேட்டாள். நான் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போனேன்.

ஃபிராவ் ஹான் அறிவித்தலுக்குக் கீழ்ப்படிகிறார். வாயால் ஒன்றும் சொல்வதில்லை. கத்தியால் சொல்கிறார். மெலிந்தவர்களுக்குக் கேக் தடிப்பாக விழும். சதை வைத்தவர்களுக்கு மெல்லியதாக விழும். ஃபிராவ் லின்ட்னர் இப்போது வந்ததும் தன் தட்டைத்தான் பார்க்கிறார். ஒருநாள் கண்ணாடி போல மெல்லிய துண்டு ஒன்றைச் சமையலறை ஜன்னலடிக்குக் கொண்டுவந்து, "அப்படியா, ஃபிராவ் ஹான்?" என்று கேட்டார். ஃபிராவ் ஹான் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரிலிருந்த அறிவித்தலைக் காட்டினார்.

போன வாரம் என் மதியச் சாப்பாட்டுத் தட்டில் இரண்டு உருளைக்கிழங்கு கூடுதலாக இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வழியே வந்த ஊவே என் தோளில் தட்டி, "இன்று நன்றாக இருக்கிறீர்கள்!" என்றார். நான் இரண்டையும் சாப்பிட்டேன்.

வீட்டுக்குப் போகும் ட்ராமில் மனம் ஆறவில்லை. கைப்பேசியில் என் முகத்தைப் படம் பிடித்துத் தங்கச்சிக்கு அனுப்பினேன். "மெலிஞ்சு போனேனோ? உண்மையைச் சொல்" என்று எழுதினேன். அவள் பார்த்துவிட்டாள் என்று காட்டியது. எழுதுகிறாள், நிறுத்துகிறாள், மறுபடி எழுதுகிறாள். மூன்று தரிப்பிடம் கடந்த பிறகு பதில் வந்தது.

"நல்லா இருக்கிறியள் அண்ணை."

நான் இறங்க வேண்டிய இடம் கடந்துவிட்டது. வயிற்றில் கொரியாக்காரி வைத்த இரண்டு உருளைக்கிழங்கு இருந்தது. கையில் மன்னாரிலிருந்து வந்த ஜெர்மன் பதில் இருந்தது.