தேரன்று ஸ்டேஷன் வாசலில்

ஆனித் திருவிழாவுக்குக் கொடி ஏறினால் எனக்குப் பக்திக்கு முன்னால் கோபம்தான் வரும். தேரன்று விடியும்போதே போலீஸ் வீட்டுக்கு வந்துவிடும். பழைய கேஸ் உள்ளவர்களை அள்ளிக்கொண்டுபோய் ஸ்டேஷனில் உட்காரவைத்து, தேர் நிலைக்குத் திரும்பிய பிறகுதான் விடுவார்கள். கூட்டத்தில் நாங்கள் சங்கிலி அறுப்போமாம்.

நான் செய்யாத திருட்டுக்காகக் கடலூர் ஜெயிலில் இருந்தவன். குற்றவாளி இல்லை என்று கோர்ட்டே விட்டுவிட்டது. அது ஜட்ஜுக்குத் தெரியும், நடராஜருக்குத் தெரியும், ஸ்டேஷனுக்கு மட்டும் தெரியாது. சிதம்பரத்தில் குடியிருந்துகொண்டு, வருஷா வருஷம் வடம் பிடிக்காமல் தரையில் உட்கார்ந்து மேளச் சத்தம் மட்டும் கேட்டால் வயிறு எரியாதா?

சுனாமிக்கு அடுத்த ஆனியில், ஜெயிலில் பழக்கமான பரங்கிப்பேட்டை பாய் வீட்டுக்கு வந்தார். ஆயுள் தண்டனை முடித்தவர். வெளியே வந்ததிலிருந்து எங்களைப் போன்றவர்களை ஊர் ஊராகப் போய்ச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

“அவுங்க வந்து இழுத்துட்டுப் போறதுக்குள்ள நாமளே போயிடுவோம் மச்சான். பொண்டாட்டி புள்ளைங்களோட. எதுக்கு உட்கார வைக்கிறீங்கன்னு எழுதிக் குடுக்கச் சொல்லிக் கேப்போம்.”

“எங்க தேருக்கு நீங்க ஏன் பாய் அலையிறீங்க?”

“தேருதான் உங்களுது. ஸ்டேஷன் எல்லாருக்கும் பொதுதானே?”

தேரன்று இருட்டோடு குளித்து, விபூதி பூசி, குடும்பம் குடும்பமாகப் போய் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்தோம். இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார்.

“என்னடா, இங்கயே திருவிழாவா?”

“காரணத்த எழுதிக் குடுங்க சார். உள்ள வந்து உட்காந்துக்குறோம்” என்றார் பாய்.

“உனக்கு வாய் ஜாஸ்தியாயிடுச்சு.”

என் மனைவி எழுந்துவிட்டாள். “எல்லாரும் பாக்கணும்னுதான் சாமியே தெருவுக்கு வருது. இவரு மட்டும் பாக்கக் கூடாதுன்னு சொல்ல நீங்க யாரு சார்?”

எழுத ஒரு காரணம் இருந்திருந்தால் எழுதியிருப்பார். உள்ளே போய்விட்டார். வெயில் ஏறியது, குழந்தைகள் அழுதன. நாங்கள் நகரவில்லை. கடைசியில், “போய்த் தொலைங்க” என்று சத்தம் மட்டும் வந்தது.

தேர் மேலவீதிக்கு வந்திருந்தது. எங்கள் செருப்புகளுக்குக் காவலாகப் பாய் ஓரமாக நின்றார். நான் வடத்தைப் பிடித்தேன். இன்ஸ்பெக்டர் எங்கள் பின்னாலேயே அனுப்பியிருந்த போலீஸ்காரர் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“ரெண்டு கையும் வடத்துலதான் சார் இருக்கு. நல்லா பாத்துக்குங்க” என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மார்கழித் தேருக்கும் வாசலில் போய் உட்கார்ந்தோம், இன்னும் அதிகம் பேராக. இன்றுவரை ஒருமுறைகூட அவர்கள் காரணத்தை எழுதிக் கொடுக்கவில்லை.