கையால் படம் பார்க்கிறவர்

படம் என்றால் கண்ணால் பார்க்கிறது. இது ஊருக்கே தெரியும், தையற்காரியின் புருஷனுக்கு மட்டும் தெரியாது. மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவித்தான் பார்ப்பார்.

கார் பட்டறையில் பெயின்ட் அடித்தே பாதி ஆயுளைக் கழித்தவர். நசுங்கிய இடத்தில் பட்டி பூசி, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துக் கலர் அடிப்பார். தடவினால் கை எங்கேயும் தடுக்கக் கூடாது; அடிபட்ட இடம் கார்க்காரனுக்கே தெரியக் கூடாது. அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பட்டப்பெயரே உப்புத்தாள். அப்படிப்பட்டவர், உடைசலுக்குப் போட்ட கார் கதவு ஒன்றில் மிச்சக் கலரை வைத்துக் கிறுக்கப் போய், படம் போடும் பைத்தியம் பிடித்து, வேலையை உதறிவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். ஓவியக் கூடம் நடத்துகிற அம்மா ஒருத்தர் அந்தக் கதவைப் பார்த்துவிட்டு, "நல்லதா ஒண்ணு முடிச்சுக் கொண்டாங்க, கண்காட்சியில மாட்டுறேன்" என்று சொன்னது எரிகிற நெருப்பில் எண்ணெய்.

பட்டறை தையற்காரியின் அண்ணனுடையது. அவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "படத்தை மாட்டுனா நான் வாயே திறக்க மாட்டேன். மாட்டலைன்னா மாப்ள மறுபடி பட்டறைக்கு வரணும்." உப்புத்தாளும் தலையை ஆட்டித் தொலைத்தார்.

வரைய எடுத்தது பெண்டாட்டி முகம். அடுக்கிக் கிடக்கும் தையலை விட்டுவிட்டு அவள் உட்கார வேண்டும். உட்கார்ந்தாள். இன்னொரு பழைய கதவில் முகம் அச்சு அசலாக வந்தது. பார்த்து அவளே அசந்துபோனாள். மனுஷன் கண்ணை மூடித் தடவினார்.

"மூக்கு தடுக்குது."

"மூக்குன்னா தடுக்கத்தாங்க செய்யும்."

மறுநாள் மூக்கைக் காணோம். தேய்த்தாயிற்று. திரும்ப வரைந்தார், திரும்பத் தேய்த்தார். மூக்கு வந்தால் புருவம் போனது. பக்கத்து வீட்டுக்காரி, "படம் எந்த அளவுல இருக்கு?" என்று கேட்டால், "இன்னைக்கு ஒத்தைக் காதோட இருக்கேன்" என்பாள்.

கண்காட்சிக்குப் படம் வாங்கிக்கொள்கிற கடைசி நாளும் வந்தது. அன்றும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, சாயங்காலத்தோட கூடத்தைச் சாத்திடுவாங்க."

"ஒரே ஒரு கை தேய்ச்சுக்கிறேன்."

"உங்க ஒரே ஒரு கை போன மழையிலேருந்து ஓடுது."

அவர் வாளியில் தண்ணீர் பிடிக்க எழுந்தார். அவ்வளவுதான், ஈரம் சொட்டச் சொட்டக் கதவைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். வழியில்தான் அதைச் சரியாகப் பார்த்தாள். கன்னம் பாதி தேய்ந்து, அடியில் கிடந்தவை எட்டிப் பார்த்தன. தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்த முகம், திட்டிக்கொண்டே உட்கார்ந்த முகம், எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக. எரிச்சலில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கூடத்து அம்மா நெடுநேரம் பார்த்தார். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது" என்றாள், கண் இமைக்காமல்.

மாட்டினார்கள். கண்காட்சி திறந்த அன்று அந்தக் கதவின் முன்னால்தான் கூட்டம் நின்றது. உப்புத்தாள் கூட்டத்தை விலக்கிப் போய்க் கண்ணை மூடிக் கையை நீட்டினார்.

"கை வைக்கக் கூடாதுங்க" என்றார் காவலாளி.

"நான் போட்டதுங்க."

"யார் போட்டா என்ன, தள்ளி நில்லுங்க."

தையற்காரியிடம் வந்து முணுமுணுத்தார். "கன்னத்துல ஒரு இடம் மேடா இருக்கு, கண்ணுக்கே தெரியுது."

"என் கன்னமே அப்படித்தான். பேசாம வாங்க."

அண்ணனும் வந்திருந்தார். கதவை மேலும் கீழும் பார்த்தார், மோவாயைச் சொறிந்தார். "தேய்ப்பு சரியில்லையே மாப்ள" என்றார். பட்டறைக்கு வாங்க என்று மட்டும் சொல்லவில்லை.