ஸ்டூல் வேண்டாமென்ற அம்மா

சில வருடங்களுக்கு முன், தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் இரண்டாவது மாடியில் புடவை காட்ட நின்றிருந்தேன். கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை எங்களுக்கு உட்காரும் வழக்கமே கிடையாது. ஸ்டூலெல்லாம் வாங்க வருகிறவர்களுக்குத்தான்.

எனக்குத் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமம். நிலக்கடலை விதைத்தால் மழை வராது, பிடுங்கும் நேரத்தில் கொட்டித் தீர்க்கும். போர்க்கிணறு வற்றிய பிறகு வீட்டில் அடுப்பெரிவது என் சம்பளத்தில்தான். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். கால் இரண்டும் வீங்கி, கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. முந்தின வாரம் மயங்கி விழுந்த ஒரு பெண்ணை, உடம்பு சரியானதும் கூப்பிடுகிறோம் என்று ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். கூப்பிடவே இல்லை. விழுந்துவிடக் கூடாதே என்று கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் மகள் நிச்சயதார்த்தத்துக்குப் புடவை கேட்டு ஒரு அம்மா வந்தார். என் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார். நான் நகர்த்திப் போட்ட ஸ்டூலைத் தள்ளிவிட்டார்.

"எனுக்கு ஸ்டூலு ஆவாதும்மா. கீழ குந்திக்கினு பாத்தாத்தான் புடவை புடிபடும். நீயும் குந்து, விரிச்சிக் காட்டு."

சூப்பர்வைசர் முறைத்தார். அந்த அம்மா விடுவாரா? "இன்னா நைனா, வாங்க வந்தவ கேட்டா காட்டமாட்டீங்களா?" என்று சத்தம் போட்டதும், "உக்காந்தே காட்டு" என்று என்னிடம் சொல்லிவிட்டு சூப்பர்வைசர் நழுவிவிட்டார்.

தரையில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. விரித்துக்கொண்டே இருந்தேன். அவர் புடவையைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. ஊர் எது, சாப்பிட்டாயா என்றுதான் பேச்சு. "நொச்சிக்குப்பத்துல மீனு விக்கிறேன். நானே வெயில்ல குந்திக்கினு விக்கிறேன், நீ ஏசில நின்னுக்கினு சாவுற" என்று சிரித்தார். எனக்குத் தலைசுற்றல் நிற்கும்வரை "வேற காட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், முதலில் விரித்த புடவையையே எடுத்துக்கொண்டார்.

எழுந்திருக்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. அவரால் முடியவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தார். நானும் இன்னொரு பெண்ணும் ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்கினோம். "கீழ குந்தவே கூடாதுன்னு டாக்டரு சொல்லிக்கீறாரு" என்றார், யாரோ ஒருத்தருடைய முட்டியைப் பற்றிப் பேசுவதுபோல.

இப்போதும் அதே மாடியில்தான் இருக்கிறேன். ஊரில் போர் வற்றியது வற்றியதுதான். எங்களுக்கென்று ஸ்டூல் வந்திருக்கிறது. கூட்ட நாட்களில் அதன்மேல் புடவைதான் உட்கார்ந்திருக்கும். அலுத்துத்தான் போகிறது. என்னை உட்கார வைக்கத் தன் முட்டியை மடக்கியவர் ஒருத்தர் இந்த ஊரில் இருக்கிறார் என்ற நினைப்பில்தான் கடை சாத்தும்வரை நிற்கிறேன்.