அக்கா பேரில் இருந்த இணைப்பு

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில்தான் திருத்தங்கலில் எங்கள் தெருவுக்கு இன்டர்நெட் வந்தது. அக்கா ஒரு அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் செய்துகொண்டிருந்தாள். சீசன் நேரத்தில் வீட்டிலும் உட்கார்ந்து வேலை பார்ப்பாள். முடித்ததை சிடியில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏற வேண்டியிருந்தது. அதனால் வீட்டுக்கே நெட் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தாள்.

இரண்டு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். முதலில் வந்தவர் அவளைப் பார்த்து, “வீட்டுல ஆம்பளையாளுக யாரும் இல்லையாம்மா?” என்று கேட்டார். அவரை வாசலோடு அனுப்பிவிட்டாள். அடுத்தவர் அவளிடமே விவரம் சொல்லி, அவளிடமே கையெழுத்து வாங்கினார். நெட்டும் போனும் ஒரே வயரில் வந்தன. எங்கள் வீட்டில் அவள் பேரில் வாங்கிய முதல் பொருள் அதுதான். “இந்தக் கம்பெனியை மாத்தவே கூடாதுலே” என்று என்னிடம் சிரித்தபடி சொன்னாள்.

அடுத்த தீபாவளி ஆர்டர் தொடங்கிய சமயம். ஒரு பட்டாசுக் கம்பெனியில் லேபிள் கலரைக் காட்டப் போயிருந்தாள். மருந்து கலக்கும் அறையில் வெடித்தது. அந்தச் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. அம்மா வழக்கம்போல வாசலுக்குப் போய்ப் புகை எந்தப் பக்கம் என்று பார்த்தாள். அக்கா அங்கே போயிருப்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

காரியங்கள் எல்லாம் முடிந்து, வந்திருந்த சொந்தக்காரர்களும் ஊர் திரும்பிய பிறகு, ஒரு சாயங்காலம் போன் அடித்தது. அப்பா எடுத்தார். ஒரு பெண் குரல் அக்காவின் பேரைச் சொல்லி, “மேடம் இருக்காங்களா? நெட் நல்லா வேலை செய்யுதான்னு கேக்கத்தான்” என்றது.

“வேலைக்குப் போயிருக்கும்மா. வர்ற நேரந்தான்” என்றார் அப்பா.

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. ரிசீவரை வைத்துவிட்டு, வாசல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அச்சக வேலை விட்டு ஆட்கள் போகத் தொடங்கினார்கள். தெருவில் ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் நானும் நிமிர்ந்து பார்த்தேன்.

அதற்கப்புறம் அந்த அழைப்பு அவ்வப்போது வந்தது. அப்பாவும் அதே பதிலைச் சொன்னார். லைன் அடிக்கடி அறுந்தது, என் கல்லூரி வேலைகள் கெட்டன. வேறு கம்பெனிக்கு மாறலாம் என்று ஒருநாள் அப்பாவிடம் சொன்னேன்.

“மாத்துனா, அவ பேரைச் சொல்லி இந்த வீட்டுக்கு யாருலே கூப்பிடுவா?” என்றார்.

அம்மாவால்தான் தாங்க முடியவில்லை. ஒருமுறை அப்பாவுக்கு முன்னால் ஓடிப்போய் எடுத்து, “அவ செத்துப் போயிட்டா தாயி. இனிமே கேக்காதீக” என்று சொல்லிவிட்டாள். எதிர்முனையில் “மன்னிச்சிருங்கம்மா” என்ற குரல் கேட்டது. அன்று அப்பா சாப்பிடவில்லை.

ஆனால் கொஞ்ச நாள் கழித்து வேறொரு பெண் கூப்பிட்டு அக்காவைக் கேட்டாள். அப்பா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். “பாத்தியா, இன்னமும் கேக்காக” என்றார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஒரு மத்தியானம் வீட்டில் நான் மட்டும் இருந்தபோது போன் அடித்தது. உண்மையைச் சொல்லிவிடுவது என்று நினைத்தபடிதான் எடுத்தேன்.

“மேடம் இருக்காங்களா சார்?”

“இருங்க, கூப்பிடுறேன்” என்றது என் வாய்.

ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் இருந்த உள்ளறைப் பக்கம் திரும்பி, “அக்கா” என்று கூப்பிட்டேன். சத்தமாகவே கூப்பிட்டேன். பிறகு பதிலுக்காக அங்கேயே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. நான் திரும்பி வந்து ரிசீவரை எடுத்தபோது, அந்தப் பெண் இன்னும் காத்திருந்தாள்.