மடை திறக்கும் முன்

எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறவள் நான். முடியாட்சி, சிலராட்சி, மக்களாட்சி என்று கரும்பலகையில் எழுதி, எதில் யார் கையில் அதிகாரம் என்று விளக்கிவிட்டு, கடைசியில் அரசாங்கம் எதற்கு என்று கேட்பேன். “மக்களைப் பாதுகாக்க” என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள். சரி என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அந்த மழைக்கு முன்னால் எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

எங்கள் ஊர் பெரிய குளத்தின் மேல்பக்கம் இருக்கிறது. குளத்தங்கரைக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் வயல்கள். வயல்களைத் தாண்டிக் கீழூர். மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு, நான்காம் நாள் விடியும்போது குளம் நிரம்பி எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. சத்தமே இல்லை. கட்டிலிலிருந்து காலை இறக்கினேன். குளிர்ந்த ஏதோ ஒன்று கணுக்காலைத் தொட்டது. அடுக்களையில் பாத்திரங்கள் மெல்ல மிதந்து ஒன்றோடொன்று மோதி மணிபோல ஒலித்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் பயப்படக்கூடத் தோன்றாமல் அதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன்.

பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது. தலைமை ஆசிரியர் நாகர்கோவிலிலிருந்து வர வழியில்லை. சாவி என்னிடம் இருந்ததால் நான் போய்த் திறந்தேன். மதியத்துக்குள் முப்பது வீட்டுச் சனம் வந்து சேர்ந்தது. கடியப்பட்டணத்திலிருந்து மீன் விற்க வந்து, பஸ் நின்றுபோனதால் மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணும் வந்தாள். என் வயதுதான் இருக்கும். வெறும் மீன்சட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் தலைவைத்து வராந்தாவில் படுத்துக்கொண்டாள்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்குச் சாவியைத் தவிர வேறொன்றும் தெரியாது. அப்போது எழுந்தவர் எங்கள் தெருக்காரர் ஒருவர். இருபது வருடம் வளைகுடாவில் கட்டட வேலையில் சூப்பர்வைசராக இருந்து, அந்த வருடம்தான் திரும்பி வந்திருந்தார். எந்த அறை யாருக்கு, யார் சமைப்பது, கக்கூஸை யார் கழுவுவது என்று அரைமணி நேரத்தில் சொல்லிமுடித்தார். “நான் இருந்த நாட்டுல ராஜா ஒரு சொல்லு சொன்னா அஞ்சு நிமிசத்துல காரியம் நடக்கும், டீச்சர். இங்க எல்லாத்துக்கும் ஒரு கூட்டம்” என்றார்.

உண்மையாகவே எல்லாம் நன்றாக நடந்தது. கஞ்சி நேரத்துக்கு வந்தது. வரிசையில் யாரும் சண்டை போடவில்லை. ஜன்னலுக்கு வெளியே தெரு இருந்த இடத்தில் வெள்ளி விரித்ததுபோலத் தண்ணீர். அதில் தென்னைகள் தலைகீழாக நின்றன. தூரத்தில் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் மேகத்துக்குள் பாதி மறைந்து சுற்றிக்கொண்டிருந்தன. யாரோ ஒருவர் நமக்காக யோசிக்கிறார் என்றால் இத்தனை நிம்மதியா என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில் ஒரு தூக்கம் இருந்தது.

மறுநாள் காலையில் தண்ணீர் இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தது. வளைகுடாக்காரர் எல்லோரையும் பெரிய வகுப்பறையில் கூட்டினார். “மடையைத் தொறந்து விட்டா மத்தியானத்துக்குள்ள நமக்கத் தெரு வடிஞ்சிரும். தொறக்கணும்னு சொல்லுகவங்க கை தூக்குங்க.”

என் கண்ணுக்குத் தெரிந்து எல்லாக் கைகளும் உயர்ந்தன. என்னுடையதும். வீட்டில் என் புத்தகங்கள் நனைந்துகொண்டிருந்தன.

மீன்காரப் பெண் மட்டும் வாசலில் நின்றுகொண்டு கேட்டாள்: “கீழ இருக்கியவங்ககிட்ட கேட்டாச்சா?”

“அவங்க இங்க இல்லேல்லா” என்றார் அவர்.

“அதுக்குத்தான் கேக்கேன். கடல்ல நாங்க மடிவலை வளைக்கும்போது பக்கத்து வள்ளத்துக்காரன் எங்கன்னு பாத்துட்டுத்தான் வளைப்போம். பாக்காம வளைச்சா அவனுக்க வலையும் போவும், சில நேரம் ஆளும் போவும்.”

உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பெரும்பான்மை என்றால் முடிவு என்று எத்தனை பரீட்சைத் தாளில் சரி போட்டிருக்கிறேன். அறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு அதில் கை இல்லை என்பது அந்த நிமிடம் வரை எனக்கு உறைக்கவில்லை. போனில் சிக்னல் இல்லை. “நான் போய்ச் சொல்லுகேன்” என்றேன். மீன்காரப் பெண் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டாள். வளைகுடாக்காரரும் எங்கள் பின்னால் வந்தார்.

குளத்தங்கரையில் மூன்று பேரும் நடந்தோம். ஒரு பக்கம் கரை விளிம்புவரை தண்ணீர். மறுபக்கம் ஆழத்தில் பச்சை வயல். நடுவில் நாங்கள் நடந்த ஒற்றையடிப் பாதை. மழை தூறலாகிவிட்டிருந்தது. வானமும் நீரும் ஒரே நிறத்தில் இருந்ததால் எங்கே நடக்கிறோம் என்றே தெரியவில்லை. பாதி வழியில் வளைகுடாக்காரர் பேச ஆரம்பித்தார்.

“இருபது வருசம் அங்க இருந்தேன், டீச்சர். ரோடு நல்லாருக்கும், கரண்டு போவாது. ஆனா ஒரு நாளும் எங்ககிட்ட யாரும் ஒண்ணும் கேட்டதில்ல. ஒரு நாள் காலம்பற நாங்க தங்கியிருந்த கேம்ப இடிக்கப் போறோம்னாங்க. சாயங்காலம் எனக்க கட்டிலு ரோட்டுல கெடந்து.” பிறகு, “அத நான் மறந்தே போனேன்” என்றார்.

கீழூரில் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. மேலே இவ்வளவு தண்ணீர் என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது. விஷயத்தைச் சொன்னதும் ஒருவர் கத்தினார்: “உங்க வீட்டக் காப்பாத்த எங்க வயல முக்குவியளா?” வளைகுடாக்காரர்தான், “தொறக்கல்ல, அண்ணே. கேக்கத்தான் வந்தோம்” என்றார். அந்தக் குரலை நான் அதுவரை அவரிடம் கேட்டதில்லை.

அங்கேதான் கிராம நிர்வாக அலுவலர் வந்து சேர்ந்தார். சின்ன வயதுப் பெண், முழங்கால்வரை சேறு, பிளாஸ்டிக் பையில் ஒரு நோட்டு. எங்களோடு கரைக்கு ஏறிவந்து பார்த்தார். ஓரிடத்தில் மண் வியர்த்ததுபோல ஈரம் கசிந்துகொண்டிருந்தது. “திறக்காம விட்டா ராத்திரிக்குள்ள கரையே போயிரும். அப்பம் வயலோட நிக்காது, வீடும் போவும்” என்று கீழூர்க்காரர்களிடம் சொன்னார். எங்களிடம் திரும்பி, “முழுசாத் திறக்க முடியாது. உங்க தெருவுல ரெண்டு நாள் கூடத் தண்ணி நிக்கும். பொறுக்கணும்” என்றார். இரண்டு ஊருக்கும் பிடிக்காத முடிவு. ஆனால் இரண்டு ஊரையும் நினைத்து எடுத்த முடிவு.

கீழூர்க்காரர்கள் இரண்டு மணி நேரம் கேட்டார்கள். மாடுகளை அவிழ்த்து, நெல் மூட்டைகளைக் கோயில் மண்டபத்துக்குச் சுமந்தோம். வளைகுடாக்காரர் ஒரு கன்றுக்குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். மீன்காரப் பெண் படுக்கையிலிருந்த ஒரு பெரியவரை நாற்காலியோடு தூக்க ஒரு பக்கம் பிடித்தாள். அதன் பிறகுதான் மடையின் ஷட்டரை அரைவாசி ஏற்றினார்கள். பழுப்பு நிறத் தண்ணீர் வயலுக்குள் பரவுவதை, நட்டவர்களோடு சேர்ந்து நின்று பார்த்தோம். பயிர்கள் சாயவில்லை, நின்றபடியே மெதுவாக மூழ்கின.

எங்கள் தெரு வடிய மூன்று நாளானது. என் புத்தகங்களில் பாதி போயிற்று. மீன்காரப் பெண் முதல் பஸ்ஸில் ஏறிப் போனாள்.

மாதம் ஒன்று கழிந்து சந்தையில், அன்று எங்களைப் பார்த்துக் கத்திய கீழூர்க்காரரைக் கண்டேன். அவர் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

“வீடு காஞ்சிட்டா, டீச்சர்?”

“காஞ்சிட்டு. நீங்க நட்டாச்சா?”

“மறுபடியும் நட்டிருக்கு” என்று சொல்லிவிட்டு, கத்தரிக்காயைப் பொறுக்க ஆரம்பித்தார். நானும் பக்கத்தில் நின்று பொறுக்கினேன்.